ரெண்டும் பையனா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் பக்கத்தில் ஒரு வாசகி, பெண் பிள்ளை இருக்கிற வீட்டில்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் படித்ததும் கையில் இருந்த டீ ஆறிப்போகும் வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடிதம் நீளமாகப் போனால் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு இப்போதுதான் ஆறு முடிந்தது. சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். கடைக்குச் சேலை எடுக்க வருகிற அம்மாக்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், வளைகாப்பு வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "எத்தனை கொழந்தைங்க?" சொன்னவுடன் "ரெண்டும் பையனா?" என்று ஒரு 'ப்ச்' கொட்டுவார்கள் பாருங்கள், ஏதோ எனக்கு ஆகாதது ஆகிவிட்ட மாதிரி. அப்புறம் "ஒரு பொண்ணு இருந்தா உனக்கு ஒத்தாசையா இருந்திருக்குமே கண்ணு" என்பார்கள்.

இதே சேலத்தில்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தது. பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், வேண்டாம் என்றால் தொட்டிலில் போட்டுவிடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்று அரசாங்கமே கெஞ்ச வேண்டியிருந்த ஊர். அந்தக் காலத்தை ஒட்டித்தான் என் மாமியார் வரிசையாக மூன்று ஆண் பிள்ளை பெற்றிருக்கிறார், சொந்தக்காரர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. முப்பது வருஷத்தில் பேச்சு தலைகீழாக மாறியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் அன்று பெண் என்றால் செலவு என்று வேண்டாம் என்றார்கள், இன்று வேலைக்கு ஆவாள் என்று வேண்டும் என்கிறார்கள். பிறக்கவே பிறக்காத என் மகளுக்கு இப்போதே ஒரு சிங்க் நிறையப் பாத்திரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணெதிரே இரண்டு பேர் நான்கு கைகளோடு ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. உண்மையைச் சொன்னால் என் கண்ணிலேயே பட்டதில்லை.

போன ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்துவிட்டேன், மூட்டெல்லாம் வலி. மாமியார் ஓமலூரில் இரண்டாவது மகன் வீட்டுக்குப் போயிருந்த நேரம். பக்கத்து வீட்டு அக்கா ரசம் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து வழக்கமான அதே வசனத்தைச் சொன்னார். "ஒரு பொண்ணு இருந்திருந்தா இந்நேரம் கஞ்சியாவது வெச்சுக் குடுத்திருக்கும்." அவர் போனதும் பெரியவன் கட்டில் ஓரத்தில் வந்து நின்றுகொண்டு, "அம்மா, கஞ்சி எப்படி வெக்கறது?" என்றான்.

ஒன்பது வருஷமாக அவனுக்கு ஊட்டி விட்டிருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன், வாய்ப்பாடு கற்றுக்கொடுத்திருக்கிறேன். இதை ஒரு நாளும் கற்றுக்கொடுத்ததில்லை, கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

படுத்தபடியே சொன்னேன். அரிசி அரை டம்ளர், இரண்டு தடவை களைந்துவிட்டு ஆறு டம்ளர் தண்ணீர். அடுப்பை அவன் அப்பா பற்றவைத்தார். உப்பு எவ்வளவு என்றான், "தேவையான அளவு போடு" என்றேன். தேவையான அளவு என்றால் எவ்வளவு? அப்பாவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் என் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் மாறி மாறி நடந்து, கடைசியில் ஏதோ ஒரு கணக்கில் போட்டார்கள். கஞ்சி அடி பிடித்து, உப்புக் கரித்தது. மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் முழுசாகக் குடித்தேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், குறையாக இல்லை. அவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். மெல்லிய கம்பியை வளைத்து, வளையம் வளையமாகக் கோத்து, பொடி வைத்து ஊதி ஒட்டுகிற கை அது. அதில் ஒரு சலங்கை கோணலாக உட்காராது. அந்தக் கைக்குப் பால் பொங்குகிற நேரம் மட்டும் தெரியாது என்றால் நான் எப்படி நம்புவது? தெரிய வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். அவர் அம்மா வர விடவில்லை, பிறகு நானும் விடவில்லை.

மாமியார் ஊரிலிருந்து வந்து விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஆம்பளப் பையன அடுப்பங்கரையில நிக்க வெச்சிருக்கியேம்மா" என்று. நான் பதில் பேசவில்லை, பேசினால் சண்டையாகும். ஆனால் ஒரு மாதம் கழித்து முழங்கால் வலி அதிகமாகி, தைலம் தேய்க்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, "மூணும் பையனாப் போச்சு, ஒரு பொண்ணு இருந்தா பாத்துக்கும்" என்று அவரே புலம்பினார். அதைச் சொன்னபோது மூன்றாவது மகன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் "தேய்ச்சு விடுடா" என்று கேட்க அத்தைக்குத் தோன்றவில்லை, எழுந்து போய்த் தேய்க்க அவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அத்தை மேல் இருந்த கோபமெல்லாம் அன்றோடு போய்விட்டது. பயம் வந்தது. இன்னும் முப்பது வருஷத்தில் அந்த இடத்தில் நான்தானே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் பத்திரிகையிலேயே ஒரு கணக்கு படித்தேன். மத்திய அரசு 2019-ல் வீடு வீடாகப் போய், யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலை செய்கிற ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அப்படிச் செய்கிறவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. எங்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் அவர்களுக்கும் ஒன்பது குறைந்துவிட்டது! இந்தக் கணக்கில் ஆறு வயதிலிருந்தே ஆட்களைச் சேர்க்கிறார்களாம். அப்படியானால் அடுத்த தடவை கணக்கெடுக்க வரும்போது என் சின்னவனும் அதில் வருவான். எந்தப் பக்கம் வருவான் என்பது இப்போது என் கையில் இருக்கிறது.

அதனால் ஆரம்பித்தோம். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவுவது, பாயைச் சுருட்டுவது, பள்ளிக்கூடச் சட்டையின் காலரை அவர்களே சோப்புப் போட்டுத் தேய்ப்பது. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று சொன்னால் பொய். ஆரம்பத்தில் தட்டுக்கு ஐந்து ரூபாய் என்று ஒரு தப்பு செய்தேன், சின்னவன் ஒரே தட்டை மூன்று தடவை கழுவிவிட்டுப் பதினைந்து ரூபாய் கேட்டான். நிறுத்திவிட்டேன். மாவுப் பாத்திரம் ஒரு நாள் கூடம் முழுக்கக் கொட்டியது, அன்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நானே செய்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, இவர்களை வைத்துச் செய்தால் அரை மணி நேரம். பத்து மணி நேரம் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து அந்த அரை மணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. (கடை ஊழியர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்த பிறகு எங்களுக்கு ஸ்டூல் கிடைத்தது. வீட்டுக்கு அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.)

இன்னொன்றும் இருக்கிறது. பெரியவன் ஒரு நாள் ரகசியமாக, "நான் தட்டு கழுவறத என் ஃபிரண்ட்ஸ்கிட்ட சொல்லிடாதம்மா" என்றான். ஒன்பது வயதில் அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. அவன் பார்க்கிற விளம்பரத்தில் எல்லாம் அம்மாதான் பாத்திரம் தேய்க்கிறாள், அவன் கேட்கிற பேச்செல்லாம் பொண்ணு இருந்தால் ஒத்தாசை என்கிற பேச்சு. கேரளாவில் 2024-ல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற மாதிரி படம் போட்டார்கள். அந்தப் படத்தைப் போனில் அவனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "நம்ம புக்குல ஏன் இல்ல?" என்றான். எனக்கு என்ன தெரியும்.

மாமியார் முழுசாக மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் சீரியல் ஓடும்போது மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரிக்கிறார், சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிறான். அது வேலை என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளிர் பக்கத்தில் வருகிற சமையல் குறிப்புகளில் ஒன்றை, மாதத்துக்கு ஒரு தடவையாவது, சிறுவர் பக்கத்தில் போடுங்கள். புதிருக்கும் புள்ளி இணைக்கிற படத்துக்கும் பக்கத்தில் ஒரு ரசமோ எலுமிச்சை சாதமோ வந்தால் என் பையன் அதையும் ஒரு விளையாட்டு மாதிரிதான் எடுத்துக்கொள்வான், அந்தப் பக்கத்தை அவன் ஒரு வாரமும் விட்டதில்லை. தலைப்பில் 'அம்மாவுக்கு உதவுங்கள்' என்று மட்டும் போட வேண்டாம், அவன் சாப்பிடப்போவதை அவன் சமைக்கிறான். அப்புறம் உப்பை 'தேவையான அளவு' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எத்தனை ஸ்பூன் என்று போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பையன்களின் அம்மா,
சேலம்.

(பெயர் வெளியிட வேண்டாம்.)