என் தம்பியின் கதவருகே கண்விழித்திருந்தவர்களுக்கு

மனநலப் பிரிவில் பணிபுரியும் எல்லோருக்கும் வணக்கம்.

தம்பி வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று வந்த ரத்தப் பரிசோதனையில், மனநிலை சீராக இருக்க அவன் சாப்பிடும் லித்தியம் மருந்தின் அளவு 0.8, சரியாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று உங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சரியாகப் பேச வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, சேர்த்த அன்று இரவுப் பணியில் இருந்த சிஸ்டருக்கு. வீட்டில் நாங்கள் வாயெடுக்கப் பயந்த கேள்வியை, அவன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நிதானமாகக் கேட்டீர்கள். "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதாப்பா? அதுக்கு ஏதாவது திட்டம் வெச்சிருக்கியா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாததைக் கிளப்பிவிடுகிறாரே என்று கோபம்கூட வந்தது. அவன் குனிந்தபடியே "ஆமா" என்றான். பிறகு அழுதான். எத்தனையோ வாரமாக இறுகிப் போயிருந்தவன் அன்றுதான் அழுதான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, உள்ளே இருப்பதுதான் வெளியே வரும் என்று வராந்தாவில் எனக்குப் புரியவைத்தீர்கள்.

அப்புறம் அந்த நாள்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அவன் அருகிலேயே இருந்தீர்கள். குளியலறைக்குப் போனாலும் கதவை முழுதாகச் சாத்த விடவில்லை. அவன் கத்தினான், திட்டினான். நீங்கள் பதிலுக்குக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மாத்திரையை விழுங்கினானா என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து காட்டச் சொன்னீர்கள்; அதையும் அவன் கூச்சப்படாதபடிக்கு.

ஒரு நாள் திடீரென்று சிரித்துப் பேசினான். சரி, தேறிவிட்டான், கூட்டிப் போகலாமா என்று ஓடிவந்தேன். "இப்பதான்க்கா இன்னும் கவனமா இருக்கணும்" என்றீர்கள். மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும், அந்த இடைவெளி ஆபத்தானது என்று நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

டாக்டருக்கும் நன்றி. இதற்கு முன் ஓரிடத்தில் மனச்சோர்வு என்று மட்டும் பார்த்து மருந்து கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட சில நாளில் தூக்கமே இல்லாமல், ஓயாத பேச்சும் கண்டபடி செலவுமாக ஆகிவிட்டான். இவரோ பழைய கதை முழுவதையும் கேட்டார், அவன் தூங்காமலே உற்சாகமாகத் திரிந்த நாள்கள் உட்பட. மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு என்று பெயர் கிடைத்ததே எங்களுக்குப் பாதி நிம்மதி.

மருந்தைப் பற்றிச் சொல்லித்தந்த சிஸ்டரை மறக்கவே மாட்டேன். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும், அளவு 0.6-லிருந்து 1.2-க்குள் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து, உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, தண்ணீர் குறையக் கூடாது, வலி என்று நாமாக இபுப்ரோஃபன் வாங்கிப் போடக் கூடாது. எல்லாவற்றையும் என்னைத் திருப்பிச் சொல்லவைத்தீர்கள். பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

போன மாதம் அது உதவியது. ஒரே நாளில் வாந்தி, பேதி, மாலையில் கை வெடவெடவென்று நடுங்கியது, நடை தள்ளாடியது. வழக்கமான லேசான நடுக்கம் இல்லை என்று புரிந்தது. வார்டுக்கு போன் செய்தேன். "அடுத்த வேளை மாத்திரை கொடுக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். அளவு 1.6. டிரிப்ஸ் ஏற்றி, சிறுநீரகத்தையும் பரிசோதித்து, இரண்டு நாளில் அனுப்பினீர்கள்.

கிளம்பும்போது நீங்கள் அவனோடு உட்கார்ந்து எழுதவைத்த தாள் இன்னும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. எண்ணம் திரும்ப வருவதற்கான அறிகுறிகள், அப்போது யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அவன் கையெழுத்தில். மூன்றாவது வரியில் நான், நான்காவதில் உங்கள் வார்டு. மாத்திரைகள் பூட்டிய பெட்டியில், ஒரு வாரத்துக்கு மட்டும்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அவனே மேலே வந்து உங்களையெல்லாம் பார்ப்பானாம். அந்த முதல் ராத்திரி சிஸ்டருக்கு அன்றைக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டுவைக்கச் சொன்னான்.

அன்புடன்,
அவனுடைய அக்கா