ஞாயிறு கூட்டம்: கரண்ட் பில்லோடு வாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சமுதாயக் கூடத்தில் சூரிய மின்சாரம் பற்றிப் பேசுகிறோம். வார்டு கவுன்சிலர் வருகிறார். நிலக்கரிக்கு மாற்று வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிவரும் சூழல் நண்பர்களும் வருகிறார்கள்.

ஊராட்சியால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே வங்கிக் கடன் வாங்கி, உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை போட்டது. தன் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாசம் தானாகவே வந்துவிடுகிறது.

வீட்டு மாடிக்கு 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டால் ஒன்றிய அரசு மானியம் 78,000 ரூபாய். விண்ணப்பிக்கும் முறையையும் அன்றே காட்டுவார்கள்.

ஒரு விசயம், நிழலைப் பார்த்துப் போடுங்க. என் வீட்டில் அவசரப்பட்டுப் போட்டதில், மூன்று மணிக்கு மேல் பக்கத்துத் தென்னை ஓலை நிழல் பேனலில் விழுகிறது. மீட்டர் அப்படியே படுத்துவிடுகிறது. மரத்தை வெட்டச் சொல்ல மனசு வருமா?

கடைசி இரண்டு கரண்ட் பில்லையும், முடிந்தால் மாடியின் போட்டோவையும் கொண்டு வாங்க. வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்க, டீக்குச் சொல்ல வேண்டும். அப்புறம், கவுன்சிலரிடம் சாக்கடைப் பிரச்சினையைக் கூட்டம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாமுங்க.