வீலி காசிலிலிருந்து சித்ராவுக்கு

அன்புள்ள சித்ரா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட விடாதே, தினமும் கொஞ்ச தூரம் நடக்க வை. எங்கள் வார்டிலும் சீக்கிரம் தேறுகிறவர்கள் அப்படி நடப்பவர்கள்தான்.

பர்மிங்காமில் என் புது வீட்டு முகவரியைப் பார்த்துவிட்டு, வீலி காசில் என்கிறாயே, காசில் என்றால் கோட்டைதானே, அங்கே நிஜமாகவே கோட்டை இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் நீ நினைக்கிற மாதிரி போர்க்கோட்டை இல்லை. சுற்றி அகழி வெட்டி, மதில் எழுப்பிப் பலப்படுத்திய பிரபு வீட்டு மாளிகை. அந்தக் காலத்தில் அப்படி மதில் கட்டிக்கொள்ள மன்னரின் அனுமதி வேண்டும். டட்லி பிரபு ரோஜர் டி சோமரிக்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி அதை 1264இல் கொடுத்தார். மாளிகையைச் சுற்றி அவர் குடும்பம் மான் வேட்டையாடும் காடு.

இன்று அங்கே செங்கல் வீடுகளின் வரிசைகள், முன்னால் சின்னச் சின்னத் தோட்டங்கள், பஸ் போகும் சாலை. நடுவே ஒரு பள்ளத்தில் சிவப்பு மணற்கல் சுவர்கள் தரையை ஒட்டி நிற்கின்றன. அகழியில் புல் மண்டிக் கிடக்கிறது. மதில் கல் எங்கே போனது தெரியுமா? 1790களில் பக்கத்திலேயே கால்வாய் வெட்டினார்கள், அதற்கு இங்கிருந்து கல்லை எடுத்துப் போனார்கள். அப்புறம் அந்தக் கால்வாயும் நிலைக்கவில்லை. அதன் நீண்ட சுரங்கம் 1917இல் இடிந்து விழுந்ததோடு படகுப் போக்குவரத்து நின்றுவிட்டது.

என் மனதை இழுத்தது சமையலறைதான். 1950களில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, கல் மதிலுக்கும் முந்தைய ஒரு மரச் சமையலறை மண்ணுக்கடியில் கிடந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. நெருப்புக்குப் பயந்து சமையலறையைத் தனியாகக் கட்டும் வழக்கம் அப்போது. ஈரச் சேற்றில் காற்றுப் படாமல் புதைந்திருந்ததால், சுவர்ப் பலகைகளின் அடிப்பகுதிகூட அழுகாமல் இருந்ததாம். பிரபுவின் கூடம் சிதைந்து, அடுப்படி தப்பித்திருக்கிறது! யாரோ விடியற்காலையில் எழுந்து விறகு மூட்டிய இடம். அவர்கள் பெயரை எந்தச் சாசனமும் சொல்லவில்லை, அவர்கள் புழங்கிய பலகைகள் கிடைத்தனவே என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

இந்தப் பேட்டையும் எனக்குப் பிடித்துவிட்டது. நகரின் நெரிசலில் தவித்த குடும்பங்களுக்காக மாநகராட்சி கட்டிய வாடகை வீடுகள் இவை. பர்மிங்காம் மாநகராட்சியின் 40,000ஆவது வீடு இங்கே ஹாப்ஸ்டோன் கார்டன்ஸ் என்ற தெருவில்தான் இருக்கிறது. 1933இல் நெவில் சேம்பர்லேன் வந்து திறந்துவைத்தார். பின்னாளில் பிரதமரானாரே, அவரேதான். ஒரு குடும்பம் வேட்டையாடிய இடத்தில் இத்தனை குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது சரியான காரியம் என்றே நான் நினைக்கிறேன். அதே சமயம், இடிந்த சுவர்களைப் பெயர்த்தெறிந்துவிட்டு அங்கேயும் வீடு கட்டாமல் விட்டார்களே, அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு ஆதங்கம். சுற்றிலும் வேலி. பார்வை மேடையில் நின்று காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் உள்ளே இறங்கி நடக்க வேண்டுமென்றால் திறந்துவிடும் நாட்களுக்குக் காத்திருக்க வேண்டும். கல்லைக் காப்பாற்ற வேலி வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்தத் தெருப் பிள்ளைகள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து வளர வேண்டும்.

உன் மகள் கட்டடக் கலை படிக்கிறாளே, மரச் சமையலறையைப் பற்றி அவளிடம் சொல். அடுத்த முறை உள்ளே விடும்போது சுவர்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அம்மா மாடிப்படி ஏற ஆரம்பித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மாலா