முதல் பைஜாமாவுக்கு முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையலின் மேல்பக்கம் நேராக இருக்கிறது. அடிப்பக்கம் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடக்கிறது. மிஷின் கெட்டுவிட்டதோ என்று கேட்டிருக்கிறாய். இல்லை அம்மாடி. அடியில் சிக்கு விழுந்தால் கோளாறு மேல் நூலில்தான். கீழ் நூல் சுற்றிய பாபினை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது தீராது.

காரணம் இதுதான். ஊசி கீழே இறக்கும் மேல் நூலை அடியிலுள்ள கொக்கி பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. அதற்காகக் கொஞ்சம் கூடுதல் நூல் கீழே இறங்குகிறது. சுற்றி முடிந்ததும் மிஷினின் முகப்பில் ஏறி இறங்கும் நூல்தூக்கி அந்தக் கூடுதல் நூலை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராமல் இருந்தால் பிடிமானம் கிடையாது. இழுபடாத நூலெல்லாம் அடியிலேயே தங்கிவிடும். துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷினின் பாதத்தைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நீ நூல் கோர்த்திருப்பாய். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் உள்ளே போகாது.

ஆகவே பாதத்தைத் தூக்கு, கைச்சக்கரத்தை உன் பக்கமாகச் சுற்றி ஊசியை உச்சிக்குக் கொண்டுவா, அதன் பிறகு முதலிலிருந்து நூல் கோர். நூல்தூக்கியின் கண்ணில் நூல் மாட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பார். பிறகு பாதத்தை இறக்கி, ஊசிக்கருகில் நூலை இழுத்துப் பார்: இறுக்கமாக வர வேண்டும். பாதத்தைத் தூக்கி இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியவில்லையென்றால் நூல் தட்டுக்குள் இல்லை. தைக்கத் தொடங்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் 10 செ.மீ. விட்டு, பின்பக்கமாக விரலால் பிடித்துக்கொள். மூன்று நான்கு தையல் விழுந்ததும் விடலாம். ஆரம்பத்தில் விழும் சிக்கு இதிலேயே நின்றுவிடும்.

டென்ஷன் திருகியைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். நூலை மறுபடி கோர்த்து, புது ஊசி போட்ட பிறகும் தையல் சரியில்லை என்றால் மட்டும். அப்போதும் தைக்கப்போகும் துணியிலேயே ஒரு துண்டு எடுத்து, மேலே ஒரு நிற நூல், கீழே வேறு நிற நூல் போட்டுத் தைத்துப் பார். கீழ் நூலின் புள்ளிகள் மேலே தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம். மேல் நூல் அடியில் தெரிந்தால் தளர்வு. இரண்டு நூலும் துணிக்குள்ளேயே பூட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் எட்டிப் பார்க்காமல் இருந்தால் சரி. ஒரு தடவைக்கு அரை எண்ணுக்கு மேல் திருப்பாதே.

ஊசி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஊசியில் 90/14 என்று போட்டிருந்தால், 90 என்பது 0.9 மி.மீ. தடிமன், 14 என்பது அதே தடிமனுக்கு வேறொரு முறையில் உள்ள எண். நடுத்தரப் பருத்திக்கு 80/12 அல்லது 90/14. மெல்லிய துணிக்கு 70/10. ஜீன்ஸ் மாதிரி கனத்ததற்கு 100/16. பனியன் துணிக்கு முனை உருண்டையான ஊசி வேண்டும்; கூர் ஊசி அதன் இழையை அறுத்துவிடும், இல்லாவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும். சுமார் 8 மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்று. பெரும்பாலான வீட்டு மிஷின்களில் ஊசித்தண்டின் தட்டைப் பக்கம் பின்னோக்கி இருக்கும்; உன் மிஷினின் குறிப்பேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள். மேல்வரை முட்டும்படி ஏற்றித் திருகை இறுக்கு. துணியை நீ இழுக்காதே. கீழிருக்கும் பற்கள்தான் துணியை நகர்த்தும், உன் கை வழி காட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும்.

இனி உடைக்கு வருவோம். முதலில் சட்டை தைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கழுத்து, அக்குள், கை, பட்டன் பட்டி என்று நான்கு கடினமான இடங்கள் ஒரே உடையில் வரும். எலாஸ்டிக் போட்ட பைஜாமா தை. அதில் கடினமான இடம் ஒன்றே ஒன்றுதான், இரண்டு கால்களும் சேரும் கவட்டு. அதைச் சரியாக வெட்டிவிட்டால் மற்றதெல்லாம் நேர்க்கோட்டுத் தையல்.

துணி நடுத்தரக் கனமுள்ள நெய்த பருத்தியாக இருக்கட்டும். வழுக்கும் துணி, இழுபடும் துணி, கட்டம், கோடு, ஒரே திசையில் போகும் பூ வேலை எதுவும் இப்போது வேண்டாம். உனக்கு 100 செ.மீ. நீளம் வேண்டும் என்றால் 110 செ.மீ. அகலத் துணியில் 2.4 மீட்டர் வாங்கு. வெட்டுவதற்கு முன் துவை. உடையை எப்படித் துவைத்து உலர்த்துவாயோ அப்படியே துவை. பருத்தி 100 செ.மீ.க்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கலாம், தைத்த பிறகு சுருங்கினால் குறைவது கணுக்காலில் மட்டுமல்ல, கவட்டின் உயரமும் குறையும்.

உலர்ந்ததும் இஸ்திரி போட்டு, துணியின் நுனியைச் சரிசெய். அகலவாக்கில் ஒரு இழையை உருவினால் துணியில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டு. துணியின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் நெய்து முடிந்திருக்கும் ஓரம்தான் கரை. பிறகு கரையோடு கரை சேர்த்து மடித்துப் பார். மடிப்பு அலை அலையாகத் தூக்கினால் துணி கோணலாக இருக்கிறது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துச் சமப்படுத்து. இந்த இடத்தில் பொறுமை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்றால், நான்கு தடவை துவைத்த பிறகு பைஜாமாவின் பக்கத் தையல் முழங்காலுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வரும். துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் காலின் நீளத்தோடு போகாமல் சாய்வாகப் போனதால் வரும் கோளாறு அது. எந்தத் தையலாலும் அதைத் திருத்த முடியாது.

அளவுக்குப் புத்தகக் கணக்கு வேண்டாம். உனக்கு வசதியாக இருக்கும் தளர்ந்த பைஜாமா ஒன்றை எடு. ஒரு காலை இன்னொரு காலுக்குள் நுழைத்துவிடு. பக்கத் தையல் ஒரு ஓரம், கவட்டும் உள்தொடைத் தையலும் மறு ஓரம் என்று தட்டையாகக் கிடக்கும். முன்பக்கத்தை ஒரு காகிதத்தில் வரை, பின்பக்கத்தைத் தனியாக இன்னொரு காகிதத்தில் வரை. பின்பக்கம் இடுப்பில் உயரமாகவும், கவட்டில் அதிகமாக நீட்டிக்கொண்டும் இருக்கும். உட்காரும்போதும் குனியும்போதும் அந்தக் கூடுதல் துணிதான் இடம் கொடுக்கும். முன்னும் பின்னும் ஒன்றேதான் என்று ஒரே காகிதத்தை வைத்து வெட்டினால், உட்காரும்போது பின் இடுப்பு கீழே இறங்கும். வரையும்போது இடுப்பு எலாஸ்டிக்கை முழு அகலத்துக்கும் இழுத்துக் குண்டூசி குத்தி வைத்துக்கொள். சுருங்கிய நிலையில் வரைந்தால் இடுப்பு இடுங்கிப் போகும், உடை சீட்டை, அதாவது பின்பக்கத்தின் அகலமான இடத்தை, தாண்டி மேலே ஏறாது.

காகிதத்தில் இரண்டு சோதனை செய்தே ஆக வேண்டும். தையலுக்கு விடும் துணியைச் சேர்க்காமல் முன்பாகம், பின்பாகம் இரண்டின் சீட் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கு; உன் சீட் அளவைவிட 10 செ.மீ.யாவது கூடுதல் வர வேண்டும். அதுதான் லூஸ். அடுத்து, தட்டையான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை அள. அதோடு 2 முதல் 3 செ.மீ. சேர்த்தால் கவட்டின் உயரம். அது குறைந்தால் உட்காரும்போது தையல் கிழியும். அதிகமானால் தொங்கி, நடை தடுக்கும். கவட்டு பிடிக்கிறதென்று தொடை அகலத்தைக் கூட்டுவார்கள். பிடிப்பு உயரத்தில் இருக்கும்போது அகலம் கூட்டிப் பயனில்லை.

இதற்குப் பிறகு தையலுக்கு விடு: பக்கங்களிலும் உள்தொடையிலும் கவட்டிலும் 1.5 செ.மீ., இடுப்பில் 4.5, கீழே 3.5. செ.மீ.யில் தொடங்கினால் செ.மீ.யிலேயே முடி. பாதியில் டேப்பைத் திருப்பி அங்குலத்துக்குப் போகாதே.

துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரட்டையாக மடித்து வெட்டினால் இடது வலது தானாக வரும். ஒற்றைத் துணியில் காகிதத்தைத் திருப்பிப் போடாமல் வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும். காகிதத்தில் காலின் நீளவாக்கில் ஒரு நேர்க்கோடு போட்டு, அது கரையிலிருந்து மேலேயும் கீழேயும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார். கத்தரிக்கோலின் கீழ் அலகு மேசையைத் தொட்டபடியே போகட்டும். துணியைக் கையில் தூக்கினால் அடித்துணி விலகும். அந்தக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது. வெட்டியதும் பின்பாகங்கள் இரண்டிலும் உள்பக்கம் சாக்பீஸால் ‘பி’ என்று எழுது. நான்கு துண்டும் மேசையில் கிடக்கும்போது ஒன்றுபோலவே தெரியும்.

தையல் நீளம் 2.5 மி.மீ. முதலும் முடிவும் மூன்று தையல் பின்னுக்கு ஓட்டிப் பூட்டு. ஓரப் பிசிறை அடைக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லையே என்று கவலைப்படாதே. பக்கத் தையலையும் உள்தொடைத் தையலையும் இப்படித் தைத்தால் பிசிறு வெளியே தெரியாது: நல்ல பக்கங்கள் வெளியே இருக்கும்படி துண்டுகளைச் சேர்த்து ஓரத்திலிருந்து 0.6 செ.மீ.யில் தை, ஓரத்தை 0.3 ஆகக் கத்தரி, நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி திருப்பி மடிப்பை இஸ்திரி போட்டு, 0.9 செ.மீ.யில் மறுபடி தை. கூட்டினால் நீ விட்ட 1.5. முதல் ஓரத்தைக் கத்தரிக்காமல் விட்டால் நல்ல பக்கத்தில் நூல் மீசை மாதிரி நீட்டும்.

முதலில் பக்கத் தையல், பிறகு உள்தொடை. இப்போது இரண்டு தனிக் கால்கள் கிடைக்கும். ஒன்றை நல்ல பக்கம் வெளியே திருப்பி, உள்பக்கம் வெளியே இருக்கும் மற்றதற்குள் நுழை. உள்தொடைத் தையல்கள் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து முதல் குண்டூசியை அங்கே குத்து; அவற்றின் மடிப்பு எதிரெதிர்த் திசையில் சாயட்டும், இல்லையென்றால் அந்த இடம் கட்டியாகி ஊசி ஏறாது. முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை ஒரே வீச்சில் 1.5 செ.மீ.யில் தை. மேடு வரும் இடத்தில் பெடலை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தால் ஓட்டு. அடி வளைவில், தையலுக்கு வெளியே, துணியின் ஓரத்தை நோக்கி 3 மி.மீ. தள்ளி இன்னொரு வரிசை போடு. உடலின் இழுப்பெல்லாம் அங்கேதான் விழுகிறது. பிறகு ஓரத்தை 1 செ.மீ. ஆகக் கத்தரித்து ஜிக்ஜாக் போடு. வளைவை மட்டும் விரித்து இஸ்திரி போடாதே, நிமிர்ந்தே நிற்கட்டும்.

மற்ற ஒவ்வொரு தையலுக்கும் அடுத்த தையலுக்கு முன் இஸ்திரி வேண்டும். மிஷினில் செலவிடும் அளவு நேரம் இஸ்திரிப் பலகையிலும் செலவிடு என்றே சொல்வேன். பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வை. இழுத்தால் துணி கோணும். இஸ்திரி போடாத தையல்மேல் குறுக்கே இன்னொரு தையல் ஓட்டினால் உள்ளே மடிந்த சுருக்கம் நிரந்தரமாக நின்றுவிடும்.

இடுப்பில் 1 செ.மீ. மடித்து, மறுபடி 3.5 மடித்து, கீழ் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே சுற்றித் தை. பின்பக்கத்தில் 5 செ.மீ. தைக்காமல் விடு. 2.5 செ.மீ. அகல எலாஸ்டிக் அதற்குள் தாராளமாக ஓடும். இடுப்பளவில் பத்தில் ஒன்பது பங்கு நீளமும் சேர்த்துத் தைக்க 2 செ.மீ.யும் வேண்டும்: 80 செ.மீ. இடுப்புக்கு 72உம் 2உம், 74. ஒரு நுனியில் ஊக்கு குத்தி உள்ளே ஓட்டு. மறு நுனியைத் துணியோடு குத்தி வைக்காவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும். எல்லா எலாஸ்டிக்கும் ஒரே இறுக்கம் இல்லை. அதனால் நுனிகளை ஊக்கால் இணைத்து, போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து பார். முறுக்கியிருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்த பிறகு, 2 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சதுரமாகத் தை. இடைவெளியை மூடு. எலாஸ்டிக் உள்ளே புரளாமல் இருக்க, பக்கத் தையல்களின் மேலேயே செங்குத்தாக ஒரு தையல் போட்டுவிடு. கீழே 1, பிறகு 2.5 மடித்துத் தைத்தால் முடிந்தது.

பிரிக்க நேர்ந்தால் துணியை இழுத்துக் கிழிக்காதே. ஒரு பக்கத்தில் நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், மறுபக்க நூலை இழு, முழுதாக வந்துவிடும்.

முதல் பைஜாமாவில் எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்பதைப் போட்டுப் பார்த்த அன்றே காகிதத்தில் திருத்து. அதே காகிதத்தில் இன்னும் இரண்டு தை. அதன் பிறகு கையில்லாத மேலாடை. அதற்கு இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: கழுத்தை வெட்டிய உடனே, வேறு எதையும் செய்வதற்கு முன், ஓரத்திலிருந்து 1 செ.மீ.யில் ஒற்றைத் துணியிலேயே ஒரு தையல் ஓட்டிவிடு. கழுத்து வளைவு துணியின் இழைகளுக்குச் சாய்வாகப் போவதால் கையில் எடுக்க எடுக்க நீளும். அந்த ஒரு வரிசைதான் அதைப் பிடித்து நிறுத்தும். மற்றதை நீ அங்கே வந்ததும் எழுதுகிறேன்.

பைஜாமா முடிந்ததும் உள்பக்கம் திருப்பி, கவட்டுத் தையலைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. வெளிப்பக்கப் படம் பிறகு போதும்.

அன்புடன்,
அப்பா