அம்பாசடருக்குப் பிளக் வயர் மாற்றக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணனுக்கும், சிவாஜிநகர் எலெக்ட்ரீஷியன் பாய்க்கும், அல்சூர் ஷெட் மேஸ்திரி ஐயாவுக்கும் வணக்கம்.

நீங்கள் சொன்னபடியே நான்கு அம்பாசடர்களுக்கும் பிளக் வயர் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொண்டுபோகும் வயர்) மாற்றி முடித்தாயிற்று. நான்கும் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பாயிண்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர். (காயில் உண்டாக்கும் உயர் வோல்டேஜை, உள்ளே சுழலும் ரோட்டர் மூலம் ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் திறந்து மூடும் தொடர்பு முனைதான் பாயிண்ட்.) மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி இது. இதன் வேலை தெரிந்த கைகள் பெங்களூரில் இன்னும் இருப்பது எங்கள் பாக்கியம். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று, நீங்கள் கற்றுத்தந்ததை நன்றியோடு இங்கே எழுதுகிறோம். (பின்னாளில் வந்த இசுஸு 1800 எஞ்சின் வண்டிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

கடை அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. பளபளப்பான சிவப்பு சிலிக்கான் செட்டைக் கேட்டபோது அதை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கலாம். "முதல்ல டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அந்தப் பழைய கேப்பைக் கழட்டிட்டு வாங்க, பார்த்துட்டுத் தர்றேன்" என்றீர்கள். அந்தச் செட் கார்பன் கோர் வயர். பக்கவாட்டில் வயர் நுழையும் பழைய லூகாஸ் வகை கேப்பில், உள்ளிருந்து ஒரு கூர்முனை ஸ்க்ரூ வயரின் நடுவே குத்தி இறங்கித்தான் தொடர்பு கிடைக்கிறது. செம்புக் கம்பிக்குள் அந்த முனை நன்றாகப் பிடிக்கும். கார்பன் பூசிய நூலில் குத்தினால் நூல் அறுந்துவிடும். சில நாள் ஓடும், பிறகு ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கத் தொடங்கும், காரணம் கண்ணுக்கே தெரியாது. அதனால் 7 மி.மீ. செம்பு வயர் 3 மீட்டர், பிளக் தலையில் மாட்டும் 5 கிலோ ஓம் பிளக் கேப் நான்கு என்று ஒரு வண்டிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள். நான்கு பிளக் வயருக்கும் காயில் வயருக்கும் போக மிச்சமே வந்தது. பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டவர்கள் மட்டும், அழுத்திப் பொருத்தும் கேப்பும் ரெசிஸ்டன்ஸ் உள்ள வயரும் வாங்க வேண்டும், வெறும் செம்பு வயர் அந்த எலெக்ட்ரானிக் மாட்யூலைக் குழப்பும் என்றும் மறக்காமல் சொன்னீர்கள்.

பாய், கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் குடைவதை நிறுத்தியது நீங்கள். ஐட்லிங்கில் சீராக நிற்கிற வண்டி, ஹெப்பாள் மேம்பாலத்தில் டாப் கியரில் மிதித்தால் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால் வயர் மேல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. அப்போது மின்சாரம் பிளக்கை விட்டுவிட்டு, வெடித்த ரப்பர் வழியாகப் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் இன்னும் சுலபம். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்கள் மேல் தண்ணீரைப் புகைபோலத் தெளித்துப் பார்க்கச் சொன்னீர்கள். மூன்று வண்டிகளில் நீலப் பொறி கண்ணெதிரே ஓடியது, 'டிக் டிக்' சத்தமும் கேட்டது. அந்தச் சோதனையில் எதையும் கையால் தொடக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வண்டிப் பக்கமே வரக் கூடாது.

நான்காவது வண்டியில் வயர் நன்றாகவே இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உட்புறம் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு, மின்சாரம் கசிந்த தடம். துடைத்துப் பயனில்லை, கேப்பையே மாற்ற வேண்டும் என்ற உங்கள் சொல் சரியாக இருந்தது. மீட்டர் வைத்துப் பார்க்கவும் பழக்கினீர்கள்: செம்பு வயர் தனியாக ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும், பிளக் கேப்போடு சேர்த்தால் 5 கிலோ ஓம் அளவில் நிற்க வேண்டும். அதைவிட மிக அதிகமாகக் காட்டினால் முனையில் பச்சை பிடித்திருக்கிறது, அல்லது பிளக் கேப் போய்விட்டது.

மேஸ்திரி ஐயா, "ஒன்னைக் கழட்டு, ஒன்னை மாட்டு, அப்புறம் அடுத்தது" என்று நீங்கள் நின்று மேற்பார்த்ததால்தான் வரிசை குழம்பவில்லை. இக்னிஷனை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பிறகே தொடங்கினோம். பழைய வயரை இழுக்காமல், பிளக் கேப்பைப் பிடித்து அரைச் சுற்றுத் திருகி எடுத்தோம். புது வயரைப் பழையதன் நீளத்தைவிட ஓரிரு சென்டிமீட்டர் கூட்டி, முனையைச் செங்குத்தாக வெட்டினோம். ரப்பரை உரிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் துளையில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் விட்டு, வயர் அடியில் முட்டும்வரை தள்ளி, பிறகு ஸ்க்ரூ. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதிப்போக வைக்கும் என்று தடுத்தீர்கள். காயில் வயரின் ஸ்க்ரூ நடுவிலிருக்கும் கார்பன் பிரஷுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அந்தச் சின்ன பிரஷும் ஸ்பிரிங்கும் தெறித்து விழாமல் நீங்கள் விரலால் பிடித்துக்கொண்ட விதம் பார்த்துப் பழக வேண்டியது.

வரிசை குழம்பியவர்களுக்கு: ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் சுடும் வரிசை) 1-3-4-2, ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர், மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டிலால் மெல்லச் சுற்றுங்கள். நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி ஒன்று திறக்கிற அந்த நேரத்தில் ரோட்டர் காட்டும் இடம்தான் முதல் சிலிண்டருக்கு. அங்கிருந்து ரோட்டர் சுற்றும் திசையிலேயே 3, 4, 2 என்று மாட்டுங்கள். தப்பாக மாட்டினால் ஸ்டார்ட் பண்ணும்போதே கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்.

மூன்றாவது, நான்காவது வயர்களைச் சேர்த்துக் கட்ட வேண்டாம் என்று கிளிப் போட்டுப் பிரித்ததும் நீங்கள்தான். அடுத்தடுத்துச் சுடும் இரண்டு வயர்கள் ஒட்டி ஓடினால் ஒன்றின் துடிப்பு மற்றதில் ஏறும். கடைசியாகப் பிளக் இடைவெளியை 0.025 அங்குலமும், பாயிண்டை 0.015 அங்குலமும் வைத்தோம். பிளக் இடைவெளி அகன்றால் புது வயரும் சீக்கிரம் ஓட்டையாகும்.

நான்கு வண்டிக்கும் போக மிச்சமான வயரும், கூடுதலாக வாங்கிய இரண்டு கார்பன் பிரஷும் மேஸ்திரி ஐயாவின் ஷெட்டிலேயே இருக்கின்றன. ஐயா, யாருடைய வண்டி அவசரமாக வந்து நின்றாலும் எங்களைக் கேட்காமல் எடுத்துப் போடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
நான்கு அம்பாசடர் வீட்டார், அல்சூர், பெங்களூரு