ஜெர்மன் சட்டத்தின் விடுபட்ட கிளை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஐரோப்பியச் சட்டமுறைகள் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, ஜெர்மன் சட்டம் சிவில், கிரிமினல் என இரு பிரிவுகளைக் கொண்டது என்று கூறுகிறது. நம் நீதிமன்ற வழக்கத்துக்கு இயல்பாகத் தோன்றும் இப்பகுப்பு ஜெர்மனிக்கும் பொருந்தாது, ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பொருந்தாது. அங்கெல்லாம் தனியார் சட்டம், பொதுச் சட்டம், குற்றவியல் சட்டம் என மூன்றாகப் பிரித்தே சட்ட மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். தண்டிக்கும் அதிகாரம் அரசுடையது என்பதால் குற்றவியலும் கோட்பாட்டளவில் பொதுச் சட்டத்தில் அடங்கும். எனினும் நடைமுறையில் அது தனிக் கிளையாகவே நிற்கிறது.

ஒப்பந்தம், சொத்து, திருமணம், வாரிசுரிமை போன்று மக்கள் தமக்குள் சமநிலையில் நின்று வைத்துக்கொள்ளும் உறவுகள் தனியார் சட்டத்தைச் சேர்ந்தவை. ஆஸ்திரியாவில் 1812-லும், ஜெர்மனியில் 1900-லும், சுவிட்சர்லாந்தில் 1912-லும் நடைமுறைக்கு வந்த தொகுப்புகளே, பல திருத்தங்களுடன், இன்றும் இதற்கு அடிப்படை.

கட்டுரையில் விடுபட்ட பொதுச் சட்டம், அரசு தன் அதிகாரத்துடன் குடிமக்கள் முன் நிற்கும் இடத்துக்கு உரியது. அரசியலமைப்பு, நிர்வாகம், வரி முதலியவை அதனுள் வரும். இதைச் சிறு விடுபடலாக என்னால் கருத முடியவில்லை. ஜெர்மனியில் வீட்டு எல்லை குறித்து அண்டை வீட்டாருடன் தகராறு வந்தால் சிவில் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். அதே வீட்டைக் கட்ட அரசு அலுவலகம் அனுமதி மறுத்தாலோ நிர்வாக நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். வருமான வரி வழக்குக்கு நிதி நீதிமன்றமும், சமூகக் காப்பீட்டு ஓய்வூதிய வழக்குக்குச் சமூக நீதிமன்றமும் தனித்தனியே உண்டு. சிவில், குற்றவியல் வழக்குகளுக்குக் கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் உச்சம் என்றால், நிர்வாக வழக்குகளுக்கு லைப்சிக், வரி வழக்குகளுக்கு மியூனிக். தொழிலாளர் வழக்குகளுக்கும், அவை பெரும்பாலும் தனியார் சட்டத்தைச் சேர்ந்தவை என்றாலும், எர்ஃபுர்ட்டில் தனி உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

இக்குழப்பத்தில் நம் கலைச்சொற்களுக்கும் பங்குண்டு. ஐரோப்பியக் கண்டத்துச் சட்டமரபையும் ‘சிவில் சட்டம்’ என்கிறோம், அதில் ஒரு கிளையான தனியார் சட்டத்தையும் அப்படியே குறிக்கிறோம். ‘பொதுச் சட்டம்’ என்பதையோ இங்கிலாந்தின் தீர்ப்புவழி மரபுக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். தொடரின் அடுத்த பகுதியில் இங்கிலாந்தின் மரபைத் ‘தீர்ப்புவழிச் சட்டம்’ என்று எழுதி, பொதுச் சட்டம் என்ற சொல்லை மேற்கூறிய கிளைக்கு மட்டும் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
திருச்சிராப்பள்ளி.