படகு இழந்தவர்களின் பெயர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

1990 முதல் இராணுவத்தின் பிடியில் இருந்த யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டதோடு, இடம்பெயர்ந்து படகு இழந்த எங்கள் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதனால்தான், அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் காட்டி இதை எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா, குடியுரிமை பெறாமல் அங்கே வாழ்ந்த சுமார் 6 இலட்சம் இத்தாலியரை எதிரி நாட்டவர் என்று அறிவித்தது. படமும் கைரேகையும் உள்ள அட்டையோடுதான் நடமாடலாம். சிற்றலை வானொலி, கமரா எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். கலிபோர்னியாவில் இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை ஊரடங்கு. சில நூறு பேரை முகாம்களில் அடைத்தார்கள், கரையோரத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோரை எழுப்பி அனுப்பினார்கள். பேஸ்போல் வீரர் ஜோ டிமாஜியோவின் தகப்பனார் கடற்றொழிலாளி. மகனை நாடே கொண்டாடிக்கொண்டிருக்க, தகப்பனைச் சான் பிரான்சிஸ்கோ மீன்பிடித் துறைப்பக்கம் போக விடவில்லை. யாழ்ப்பாணத்தவருக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது பிறகு நடந்தது. 2000ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. அடைக்கப்பட்டவர்கள் மட்டுமல்ல, கடலுக்குப் போகமுடியாமல் தொழில் இழந்தவர்கள், படகு பறிக்கப்பட்டவர்கள் பெயர்களையும் அரசே தேடிப் பட்டியலிட வேண்டும் என்றது. நட்டஈடு ஒரு சதமும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதம் வேறு. இருந்தும் பெயர் கேட்டார்களே!

எங்கள் கரைக்கு அப்படியொரு பட்டியலை நான் கண்டதில்லை. 1990 யூனில் அப்பா வள்ளத்தை மேட்டில் இழுத்துவிட்டு, இயந்திரத்தைக் கழற்றிக் கரையிலிருந்த எங்கள் கொட்டிலான வாடிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு வந்தார். சண்டை ஓய்ந்ததும் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் வெளிக்கிட்டோம். அவர் இடம்பெயர்ந்தோர் முகாமிலேயே கண்ணை மூடினார். பிறகு நான் விண்ணப்பிக்கப் போன இடத்தில் வள்ளத்தின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார்கள். வாடியே இல்லை, புத்தகத்துக்கு எங்கே போவது?

மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்குக் கடற்றொழிலாளர் சங்கங்கள் உடனே ஒரு கொப்பியைத் திறக்க வேண்டும். யாருடைய வள்ளம் எந்த இடத்தில் நின்றது, என்ன இயந்திரம், எத்தனை வலை என்று சொல்லக்கூடிய சம்மாட்டிமார் (வள்ளச் சொந்தக்காரர்) இன்னும் சிலர் இருக்கிறார்கள். பதிவுப் புத்தகம் இல்லாதவருக்குப் பக்கத்து வாடிக்காரரின் சாட்சியை ஏற்கவேண்டும். மாவட்டச் செயலகம் அதைப் பொறுப்பேற்று முத்திரை குத்தி, ஒரு பிரதியைச் சங்கத்திடம் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளி ஒருவரின் மகள்,
மயிலிட்டி.